பழைய கேம்களின் புண்ணியக் கணக்கு

பாவ புண்ணியத்தை வைத்து ஆடுவது நம்மூருக்குப் புதுசு இல்லை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழித்து ஆடும் பரமபதத்தில் நல்ல குணத்துக்கு ஏணி, கெட்ட குணத்துக்குப் பாம்பு. ஒரே குறை, முடிவு தாயக்கட்டை கையில்!

கம்ப்யூட்டர் ரோல் ப்ளேயிங் கேம்கள் அந்த முடிவை ஆடுபவர் கையில் கொடுத்தன. ஆனால் 'ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' (2003), 'மாஸ் எஃபெக்ட்' (2007) இரண்டிலும் புண்ணியத்துக்கு ஒரு மீட்டர். கதை இன்றைக்கும் அருமை. மீட்டர்தான் பழசாகிவிட்டது. ஒரு பக்கம் நிரம்ப நிரம்பச் சலுகை கூடும். அப்புறம் எது சரி என்று யார் யோசிப்பார்கள்? எதற்குப் பாயிண்ட் என்றுதான் பார்ப்பார்கள்.

அவற்றுக்கும் மூத்தது, ரிச்சர்ட் கேரியட் 1985-ல் கொண்டுவந்த 'அல்டிமா 4'. அதில் மந்திரச் சரக்கு விற்பவருக்குக் கண் தெரியாது. காசை ஆடுபவரே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தாலும் சரக்கு கிடைக்கும். நேர்மை எவ்வளவு குறைந்தது என்று திரையில் எண் வராது. ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் போய்க் கேட்டால்தான் நிலவரம் தெரியும்.

சிங்காநல்லூர் உழவர் சந்தையில் மீதிச் சில்லறை கூட வந்துவிட்டால் திருப்பிக் கொடுப்பவர் தலைக்கு மேலே மீட்டரா ஓடுகிறது? கிராபிக்ஸ் பழசானால் பரவாயில்லை... கணக்கை மறைத்து வைத்த கேம் பழசாகாது.