குறிப்பெடுக்கத் தெரியும்... கோத்துவைக்கத் தெரியுமா?

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஒரு குடும்பம் வெளியூர் போயிருக்கிறது. போன அன்று ராத்திரியே அப்பாவுக்குத் தொண்டை வலி, காய்ச்சல். மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் கிளினிக்குக்கு அம்மாவும் மகனும் அவரை அழைத்துப் போகிறார்கள். பரிசோதித்துவிட்டு மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்த டாக்டர், பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: "எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா?"

"ஒருதடவை ஏதோ ஆச்சு சார்... போன்லதான் எழுதி வெச்சிருக்கேன், ஒரு நிமிஷம்" என்று மகன் போனை எடுக்கிறார்.

வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொண்ட மெசேஜ்கள். கேலரியில் ஆயிரக்கணக்கான ஸ்கிரீன்ஷாட்கள். நோட்ஸ் ஆப்பில் மளிகை லிஸ்ட்டும் கரன்ட் பில் நம்பரும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. 'அப்பா' என்று தேடினால் நூறு வந்து விழுகிறது. 'அலர்ஜி' என்று தேடினால் ஒன்றுமே இல்லை. "அமாக்ஸிசிலின் எழுதலாம்னு இருக்கேன்" என்கிறார் டாக்டர். அந்தப் பெயரைப் போட்டுத் தேடினாலும் திரை காலியாகவே இருக்கிறது. "இது இல்ல போலிருக்கு சார்" என்று மகன் சொல்ல வாயெடுக்கும்போது, அம்மா குறுக்கிடுகிறார்.

"ஏங்க, சித்ரா வளைகாப்பு அன்னைக்குத்தானே உங்களுக்கு ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா வந்துச்சு? பெனிசிலின்னு அந்த டாக்டர் சிவப்பு மையில எழுதிக்கூடக் கொடுத்தாரே!"

டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மருந்து எழுதுகிறார். அமாக்ஸிசிலின், பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்றும் ஆபத்தாக முடியலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, மகனின் போனிலும் அந்தத் தகவல் இருந்தது என்பதுதான். 'பெனிசிலின் வேண்டாம்' என்று இரண்டே சொற்களில் எழுதியிருந்தார். அதில் 'அப்பா' இல்லை, 'அலர்ஜி' இல்லை, 'அமாக்ஸிசிலின்' இல்லை. அதனால் எதைத் தேடியும் அது கண்ணில் படவில்லை.

அம்மா தேடவில்லை. வளைகாப்பைப் பிடித்தார், அங்கிருந்து ஊசிக்குப் போனார், ஊசியிலிருந்து மருந்தின் பெயருக்கு வந்தார். ஒன்றைத் தொட்டால் அதனோடு கோத்திருக்கும் இன்னொன்று கூடவே வருகிறது. இதை போனுக்கும் கணினிக்கும் கற்றுக்கொடுக்கும் முயற்சிக்குத்தான் 'பர்சனல் நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்' என்று பெயர். கேட்கும்போது ஏதோ பெரிய கம்பெனி விவகாரம் மாதிரி இருக்கும். ஆனால், வீட்டுக்கு வீடு பயன்படக்கூடிய சங்கதி.

1945-ல் வந்த யோசனை

இந்த யோசனை ஸ்மார்ட்போனைவிட மிகவும் வயதானது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் அறிவியல் ஆராய்ச்சி அலுவலகத்துக்குத் தலைமை வகித்தவர் வன்னிவர் புஷ். 1945 ஜூலையில் 'தி அட்லான்டிக்' இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஆராய்ச்சிகள் மலைபோலக் குவிகின்றன, ஆனால், வேண்டிய நேரத்தில் வேண்டியதை எடுக்க முடியவில்லை என்பது அவரது கவலை. நூலகங்களில் எல்லாமே அகரவரிசையிலும் எண் வரிசையிலும் அடுக்கப்படுகின்றன. மனித மூளையோ ஒரு நினைவிலிருந்து அதோடு தொடர்புள்ள இன்னொரு நினைவுக்குத் தாவுகிறது. கருவியும் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று கேட்டார் அவர்.

அதற்காக 'மெமெக்ஸ்' என்ற மேஜையைக் கற்பனை செய்தார். புத்தகங்களும் கடிதங்களும் மைக்ரோஃபிலிம்களாக மேஜைக்குள் இருக்கும். இரண்டு பக்கங்களைத் திரையில் வைத்து, ஒரு பொத்தானை அழுத்தி இரண்டையும் இணைத்துவிடலாம். பிறகு, எப்போது ஒன்றை எடுத்தாலும் மற்றொன்றும் தயாராக இருக்கும். அந்த மேஜை கடைசிவரை செய்யப்படவே இல்லை. ஆனால், இணையப் பக்கங்களில் நீங்கள் இன்று தட்டும் லிங்க்குகளுக்கு முன்னோடி என்று அந்தக் கட்டுரையைத்தான் சொல்கிறார்கள்.

90,000 அட்டைகளின் ரகசியம்

கணினி இல்லாமலேயே இதைச் செய்துகாட்டியவர் ஜெர்மனியின் சமூகவியல் அறிஞர் நிக்லாஸ் லூமான். சட்டம் படித்து அரசு நிர்வாகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1950-களின் தொடக்கத்தில் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகளில் குறிப்பெடுக்க ஆரம்பித்தார். 1998-ல் அவர் இறந்தபோது மரப்பெட்டிகளில் சுமார் 90,000 சீட்டுகள் இருந்தன. 70-க்கும் மேற்பட்ட நூல்களை அவர் எழுதியதற்கு அந்தப் பெட்டிகளும் ஒரு காரணம்.

அவரது முறை எளிமையானது. ஒரு சீட்டில் ஒரு கருத்து. ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண். 21-ம் சீட்டைப் படிக்கும்போது புதிதாக ஒன்று தோன்றினால், அதற்கு 21ஏ என்று எண் கொடுத்துப் பின்னால் செருகுவார். அதிலிருந்து இன்னொன்று கிளைத்தால் 21ஏ1. வேறொரு பெட்டியில் இருக்கும் சீட்டோடு தொடர்பு தெரிந்தால், அதன் எண்ணையும் இந்தச் சீட்டிலேயே எழுதிவிடுவார். பிறகு எந்தச் சீட்டை எடுத்தாலும், அதிலிருக்கும் எண்களைப் பிடித்து அடுத்தடுத்த சீட்டுகளுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். தானே எழுதி மறந்துபோன விஷயங்கள் அந்த வழியில் எதிர்ப்பட்டு அவரையே ஆச்சர்யப்படுத்தின. இந்தப் பெட்டிகளோடு உரையாடுவது எப்படி என்று 1981-ல் அவர் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது 'உங்கள் ஆராய்ச்சித் திட்டம் என்ன?' என்று கேட்டார்களாம். 'சமூகம் பற்றிய கோட்பாடு, 30 ஆண்டுகள், செலவு எதுவும் இல்லை' என்பதுதான் அவரது பதிலின் சாரம். அந்தப் பெரிய நூல் 1997-ல் வெளிவந்தது. ஏறக்குறைய சொன்ன கணக்கு! அவரது சீட்டுகளை அந்தப் பல்கலைக்கழகம் இப்போது இணையத்தில் ஏற்றி வருகிறது.

இரண்டு சதுர அடைப்புக்குறி போதும்

லூமானின் எண்கள் செய்த வேலையை இன்று செயலிகள் செய்கின்றன. ரோம் ரிசர்ச், லாக்செக், 2020-ல் வெளிவந்த ஆப்சிடியன் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. ஆப்சிடியனை இலவசமாகவே பயன்படுத்தலாம். போனிலும் வேலை செய்யும், தமிழிலும் எழுதலாம்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுதான். ஒரு குறிப்பை எழுதும்போது, ஒரு சொல்லை [[இப்படி]] இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் அது லிங்க் ஆகிவிடும். தட்டினால் அந்தப் பெயரில் உள்ள குறிப்பு திறக்கும். இல்லாவிட்டால் புதிதாக ஒன்று பிறக்கும். அந்தக் குறிப்புக்குள் போய்ப் பார்த்தால், அதை எங்கெல்லாம் குறிப்பிட்டிருக்கிறீர்கள் என்ற பட்டியலும் கிடைக்கும். இதற்கு 'பேக்லிங்க்' என்று பெயர்.

கிளினிக் காட்சிக்கே திரும்புவோம். மகன் இப்படி எழுதியிருந்தால்?

'[[அப்பா உடல்நலம்]]: [[சித்ரா வளைகாப்பு]] அன்று ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. காரணம் [[பெனிசிலின்]]. இதே குடும்பத்து மருந்துகளான [[அமாக்ஸிசிலின்]], [[ஆம்பிசிலின்]] பற்றியும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.'

இப்போது அப்பா பெயரில் போனாலும், மருந்தின் பெயரில் போனாலும், வளைகாப்பிலிருந்து போனாலும் ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். கதவு ஒன்றுக்கு ஐந்தாகிவிட்டது. ஆனால், அந்தக் கதவுகளைச் செயலி திறக்கவில்லை. எழுதும் நேரத்தில் 'இது எதோடெல்லாம் சேரும்?' என்று ஒரு நிமிடம் யோசித்தவர்தான் திறந்தார். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்கும் குறிப்பெடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு நிமிடம்தான்.

போட்டித்தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இது கைகொடுக்கும். வரலாற்று நோட்டில் கரிகாலன், புவியியல் நோட்டில் காவிரி டெல்டா, ஆங்கிலேயர் கால நோட்டில் 1830-களில் முக்கொம்பு மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன் எனத் தனித்தனியாகக் கிடப்பவற்றை 'கல்லணை' என்ற ஒரு குறிப்பு சேர்த்துவிடும். மூன்று பாடம் ஒரு கதையாகிவிட்டால் மனதில் தானாக நிற்கும்.

கவனம் தேவை!

ஆப்சிடியனில் 'கிராஃப் வியூ' என்று ஒன்று உண்டு. குறிப்புகளெல்லாம் புள்ளிகளாக, லிங்க்குகள் கோடுகளாக, ராத்திரி வானம் மாதிரி மின்னும். பார்க்க அழகு. அந்த அழகுக்காகவே கண்டதையும் இணைக்கத் தோன்றும். வண்ணம் மாற்றுவதிலும் ப்ளகின் போடுவதிலும் சனிக்கிழமை முழுக்கப் போய்விடும், எழுதிய குறிப்போ ஒன்றுகூட இருக்காது. ஏன் இணைக்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் அந்த லிங்க் வேண்டாம்.

இரண்டாவது, சேவைகள் நிரந்தரம் இல்லை. இணையக் கட்டுரைகளைச் சேமித்து வைக்கப் பலரும் நம்பியிருந்த 'பாக்கெட்' சேவையை 2025 ஜூலை 8-ம் தேதி மொஸில்லா மூடிவிட்டது. எவர்நோட், 2023 டிசம்பரில் இலவசக் கணக்குகளுக்கு 50 குறிப்புகள்தான் என்று வரம்பு வைத்தது. அதனால், எந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தாலும் 'என் குறிப்புகளை மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா?' என்பதை முதலில் பாருங்கள். ஆப்சிடியன் உங்கள் குறிப்புகளை 'மார்க்டவுன்' என்ற சாதாரண எழுத்துக் கோப்புகளாக உங்கள் சாதனத்திலேயே வைக்கிறது. நாளை அந்தச் செயலியே இல்லாமல் போனாலும், வேறு எதிலும் திறந்து படிக்கலாம். அதே சமயம், போன் தொலைந்தால் கோப்பும் தொலையும். வேறோர் இடத்தில் ஒரு காப்பி கட்டாயம் வேண்டும். போனிலும் கணினியிலும் தானாக ஒத்துப்போகச் செய்யும் அந்த நிறுவனத்தின் 'சிங்க்' வசதிக்குக் கட்டணம் உண்டு.

மூன்றாவது, பாஸ்வேர்டு, ஏ.டி.எம் பின், ஆதார் எண் போன்றவற்றை இங்கே எழுத வேண்டாம். பாஸ்வேர்டுகளுக்கென்றே தனிச் செயலிகள் இருக்கின்றன.

இன்றைக்கே ஆரம்பிக்க...

* பழைய ஸ்கிரீன்ஷாட்களை எல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அது நடக்காது. இன்றைய குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.

* ஒரு குறிப்பில் ஒரு விஷயம். தலைப்பைப் பார்த்தாலே உள்ளே இருப்பது புரிய வேண்டும். 'முக்கியம்', 'நோட் 3' போன்ற தலைப்புகளால் பலன் இல்லை.

* காப்பி பேஸ்ட் செய்யாமல், சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கப்போகும் நபர், எல்லாவற்றையும் மறந்துவிட்ட நீங்கள்தான்.

* முடிக்கும் முன் குறைந்தது ஒரு லிங்க். யாரோடு, எந்த ஊரோடு, எந்த நிகழ்ச்சியோடு தொடர்புடையது?

* ஒரே பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும் பழக்கம் இருந்தால், ஆப்சிடியனில் 'ஏலியஸ்' எனப்படும் மாற்றுப்பெயர் வசதியைப் பயன்படுத்துங்கள். எப்படி எழுதினாலும் ஒரே குறிப்புக்குப் போகும்.

* வாரம் ஒருமுறை, காபி குடிக்கும் நேரத்தில் ஏதாவது ஒரு பழைய குறிப்பைத் திறந்து, அதன் லிங்க்குகளைப் பிடித்துக்கொண்டு உலவுங்கள்.

* மருந்து அலர்ஜி போன்ற உயிர் காக்கும் தகவலைப் போனோடு விட்டுவிடாதீர்கள். ஒரு சீட்டில் எழுதி அப்பாவின் பர்ஸிலும் வையுங்கள். சார்ஜ் இல்லாத போனில் எந்த லிங்க்கும் திறக்காது.

கல்யாணம் முடிந்து ஊர் திரும்பும் ரயிலில், அந்த மகன் புதிதாக ஒரு செயலியை இறக்கியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். முதல் குறிப்பை எழுத அவர் கூகுளில் தேட வேண்டியதில்லை. பக்கத்து சீட்டிலேயே அம்மா இருக்கிறார். "சித்ரா வளைகாப்பு எந்த வருஷம்மா?" என்று கேட்டால் போதும். வருஷத்தோடு, அன்றைக்கு யார் யார் வந்தார்கள், அப்பாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், தாத்தாவுக்கு எந்த மாத்திரை சேராது என்பதுவரை எல்லாம் வரும்.

அதையெல்லாம் எங்கேயும் எழுதிவைத்ததில்லை அம்மா. எழுத வேண்டியது மகன்தான்.