உடல் வெறும் கூடென்றால்

ஹாலிவுட்டார் 2017இல் வெளியிட்ட ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ என்னும் விஞ்ஞானக் கற்பனைப் படத்தின் மூலம், மஸமுனே ஷிரோவின் ஜப்பானியச் சித்திரக்கதை. அதன் நாயகி மோட்டோகோ குஸனாகி. அவ்வேடத்தை ஸ்கார்லெட் ஜொஹான்ஸனுக்கு அளித்தனர்.

“அவள் உடல் இயந்திரக் கூடுதானே, எம்முகமாயின் என்ன?” என்பாரும் உளர். நன்று! எம்முகமும் தகுமெனின், ‘பேபல்’ படத்தால் ஆஸ்கார் பரிந்துரை பெற்ற ரிங்கோ கிக்குச்சியின் முகம் மட்டும் தகாது போனதேன்? அவரை அவ்வேடத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். கதைக்கு யாது குறை?

ஜப்பானியப் பெண்ணொருத்தியின் மூளையைக் கவர்ந்து வெள்ளை மாதின் வடிவில் பொதிந்தனர் என்பதே கதையின் மர்மம். கதையிலே அது கொடுமை. அதனையே படமெடுத்தோர் வெளியிலே செய்துவிட்டு, கலை என்கின்றனர்!

வெள்ளை முகமின்றேல் வியாபாரம் நடவாதாம். நம் ஈப்போவில் பிறந்த மிச்செல் இயோவை அறியாரோ? ஜாக்கி சானை எண்ணி எழுதத் தொடங்கிய கதையை அவருக்கென மாற்றி எடுத்த ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ (2022) 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 7 ஆஸ்கார் பரிசுகளும் பெற்றது.

முகம் பொருட்டன்று என்போர் ஒரே நிறத்து முகத்தை விடாது பற்றுவதேன்? விடை பகரட்டும்.