ரசனை எந்தப் பக்கம் வளருது?

பறை, பிறகு சினிமாப் பாட்டு, பிறகு கர்நாடக சங்கீதம்: ரசனை இப்படித்தான் ‘வளர’ வேண்டுமாம். நம் இலக்கியக்காரர்கள் சிலரும் இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். சேரியில் கிளம்பி சபாவில் போய் இறங்குகிற இந்த ஒருவழிப் பாதையைப் போட்டுக் கொடுத்தது யார்?

நானும் எல்லாத்தையும் கேட்டவன்தான். எங்க தெருக் கல்யாணங்களில் குழாய் கட்டினால் இளையராஜாதான். எம்.ஏ. தமிழ் படிக்கையில் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரத்தை (1917) எடுத்து, பண்களைத் தேடிக் கர்நாடக இசைக்குள் போனேன். அப்புறம் கானா, ராப். அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்து, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். ஒன்றை உதறிவிட்டு இன்னொன்றுக்குப் போகவில்லை. இன்றைக்கும் தோடி கேட்கிறேன். அது யார் அப்பன் வீட்டுச் சொத்து?

மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் வேண்டும். தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்து, நாதம் சேர்க்கிற கைகளில் பெரும்பாலானவை தலித் கிறிஸ்தவர்களின் கைகள். இதை டி.எம். கிருஷ்ணா 2020இல் புத்தகமாக எழுதினார். வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே மாட்டுத்தோலைப் பறையில் கட்டினால் தீட்டு, மிருதங்கத்தில் கட்டினால் தெய்விகம். மாட்டுக்கு மட்டும் இந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொரு கூட்டம் பறையைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறது. ஆதித் தமிழிசையாம், தொல்காப்பியமே கருப்பொருளில் சேர்த்திருக்கிறதாம். சேர்த்திருக்கிறது, மறுக்கவில்லை. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நானும் கைதட்டினேன். ஆனா ஊர்ல சாவு விழுந்தா “வந்து அடிடா”ன்னு ஆள் அனுப்புறது எல்லா ஊர்லயும் நின்னிருச்சா? எங்க பெரியப்பா “இனிமே ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டேன்”னு சொன்னார். அந்த வருஷம் யாரும் அவரைக் காட்டு வேலைக்குக் கூப்பிடல. ஆனா எங்க தெருக் காமன் பண்டிகைக்கு அவரே தீ மூட்டிப் பறையைக் காய்ச்சி அடிச்சார். பறையை விடணுமா, எடுக்கணுமான்னு நம்ம இயக்கங்கள் வருஷக்கணக்கா மோதிக்கிட்டிருக்கு. அடிக்கவும் மறுக்கவும் அவருக்கு இருந்த உரிமையிலிருந்து அந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

விழா நடத்துகிற நண்பர்களுக்கு ஒன்று. பறைக்குழுவை வாசலில் பத்து நிமிஷம் அடிக்கவிட்டு, பிரமுகர் உள்ளே நுழைந்ததும் நிறுத்தச் சொல்கிறீர்கள். மேடை கொடுங்கள், ஒரு மணி நேரம் கொடுங்கள், பாட்டுக் கச்சேரிக்குக் கொடுக்கிற அதே சன்மானத்தைக் கொடுங்கள். பிரமுகர் உட்கார்ந்து கேட்கட்டும்.