கோத்திரமும் ஒய் குரோமோசோமும்

“கோத்திரம் என்பது ஒய் குரோமோசோமே, முனிவர்கள் அன்றே கண்ட மரபியல் அது” என்னும் கூற்று ஓயாமல் வலம்வருகிறது. ஒரே கோத்திரத்தில் மணந்தால் ஒய் நலியும் என்பது அதன் வால். உயிரியலில் பட்டம் பெற்றவர்களும் இதைப் பரப்புவதுதான் வெட்கக்கேடு.

மணமகளுக்கு ஒய் குரோமோசோமே கிடையாது. அவள் எக்கோத்திரத்தில் பிறந்தவளாயினும், அவள் மகனுக்கு ஒய் தந்தையிடமிருந்தே, பெரும்பாலும் மாறாமல், வரும். பிறகு அவளது கோத்திரம் அதை நலிவிப்பது எங்ஙனம்?

மகனே தந்தையின் தொடர்ச்சி, மகள் அயலாள் என்பதே இக்கூற்றின் உட்கிடை. கணக்கோ நேர்மாறாக இருக்கிறது. தந்தை மகனுக்கும் மகளுக்கும் 22 குரோமோசோம்களைச் சமமாகவே தருகிறார். 23ஆவதாக மகனுக்கு ஒய், மகளுக்கு எக்ஸ். 2023இல் முழுமையாக வாசிக்கப்பட்ட ஒய்யின் நீளம் சுமார் 6.2 கோடி கார இணைகள். எக்ஸ் 15 கோடிக்கும் மேல். தந்தையின் டிஎன்ஏ மகளிடமே சற்று மிகுதி! பத்துத் தலைமுறை பின்னோக்கினால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் அவற்றுள் ஒன்றை மட்டுமே அறியும்.

இதனினும் கொடிது, இக்கோட்பாடு மறைக்கும் ஆபத்து. கோத்திர விதி சிற்றப்பன் பெரியப்பன் மக்களிடையே மணத்தைத் தடுக்கிறது என்பது மெய். ஆனால் தாய்மாமனும் அக்காள் மகளும் வெவ்வேறு கோத்திரத்தார். விதி அவர்களைத் தடுப்பதில்லை. இருவரும் சராசரியாகக் கால் பங்கு மரபணுக்களைப் பகிர்ந்தவர்கள். அவர்கள் குழந்தையிடம் ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஒடுங்கு மரபு நோய்கள் வெளிப்படும் வழி அதுவே. இருபது தலைமுறையாக உறவே இல்லாத இருவரோ, கோத்திரப் பெயர் ஒன்றென்பதால் விலக்கப்படுகின்றனர்.

பெங்களூரில் இதை அறியாதிருக்க எவருக்கும் சாக்கில்லை. இந்திய அறிவியல் கழகத்தின் என். அப்பாஜி ராவும் உடன் ஆய்வாளர்களும் 1980களில் கர்நாடக மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, பெற்றோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இரத்த உறவில் மணந்தவர்கள் எனக் கண்டனர். தாய்மாமன் மணம் அவற்றுள் கணிசமானது.

சட்டம்கூட இவர்களைவிடத் தெளிவாயிருக்கிறது. ஒரே கோத்திர மணத்தின் மீதான தடையை 1946ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மாமன்–மருமகள் உறவை விலக்கப்பட்ட உறவுகளில் சேர்த்தது. வழக்கம் இருப்பின் விதிவிலக்கும் தந்தது. கோத்திரத்தை மரபியலாக்கும் பேராசிரியர்கள் அந்த விதிவிலக்கைப் பற்றி இதுவரை ஏன் வாய்திறக்கவில்லை?