கைவேலைன்னா அவ்வளவு இளக்காரமா?

மக்களே, கொஞ்ச நாளா மனசுக்குள்ள கிடந்து குடையற விஷயம். பதிவு கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்குங்க.

2019 ஆகஸ்ட் 30-ஆம் தேதி மட்டாஞ்சேரியில சாரா கோஹன் இறந்தாங்க. வயசு 96. செய்தி எப்படி வந்துச்சு தெரியுமா? பரதேசி யூதர்ல மூத்தவர் போயிட்டார், இனி மிச்சம் இத்தனை பேர்தான்னு ஒரே எண்ணிக்கை. காட்டுல புலி கணக்கு எடுக்கற மாதிரி. அந்தம்மா வருஷக்கணக்கா யூதத் தெருவுல 'சாராஸ் ஹேண்ட் எம்ப்ராய்டரி'ன்னு போர்டு மாட்டி, ஊசியும் நூலுமா உட்கார்ந்திருந்தாங்க. ஆம்பளைங்க தலையில வைக்கிற கிப்பா குல்லா, வெள்ளிக்கிழமை ராத்திரியும் பண்டிகை நாளும் ஹல்லா ரொட்டியை மூடுற பூத்தையல் துணி, இதெல்லாம் அங்க கிடைக்கும். அந்தத் தையலை யாருக்குச் சொல்லிக் கொடுத்தாங்கன்னு எத்தனை பேர் கேட்டாங்க? தலையை எண்ணத் தெரிஞ்ச நமக்குக் கை கண்ணுல படலை.

"அட, அலங்காரத் துணிதானே, அதுக்கு ஏன் இவ்வளவு சவுண்டு?"ன்னு கேப்பீங்க. அங்கதான் தப்பு. யூத மதத்துல 'ஹித்தூர் மிட்ஸ்வா'ன்னு ஒண்ணு உண்டு. செய்ய வேண்டிய கடமையைச் சும்மா செஞ்சு முடிச்சா போதாது, அழகா செய்யணும். அழகான பந்தல் போடு, அழகான ஷோஃபார் கொம்பு வச்சுக்கோன்னு தால்முத்தே சொல்லுது. ஆக, அலங்காரமும் வழிபாட்டுல சேர்த்தி.

சுக்கோத் பண்டிகையைப் பாருங்க. செப்டம்பர், அக்டோபர்ல வரும். வீட்டுக்கு வெளியே பந்தல் போட்டு ஏழு நாள் அதுல சாப்பிடணும். கூரை மண்ணுல முளைச்ச பொருளா இருக்கணும், வெயிலைவிட நிழல் கூடுதலா விழணும். பழங்களைக் கட்டித் தொங்கவிடுவாங்க. கட்டிட்டா அது பண்டிகைக்குன்னு ஒதுக்கினது, பசிக்குதுன்னு நடுவுல பிச்சுத் தின்னக்கூடாது. கொச்சியில அந்தக் கூரைக்குத் தென்னை ஓலை.

தென்னை ஓலைன்னதும் நம்ம பக்கம் வந்துடறேன். பாறசாலையில இருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் எந்த வீட்டு முற்றத்துலயாவது ஓலை முடையத் தெரியாத கிழவி இருந்திருப்பாளா? ஓலையை நெடுக்கக் கீறி, ஊறப்போட்டு, காலால மிதிச்சுக்கிட்டே கை மின்னலா போகும். அதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு? "பொம்பளைங்க சும்மா இருக்கிற நேரத்துல செய்யற வேலை." சும்மா இருக்கிற நேரமாம்! ஓடும் காங்கிரீட்டும் வந்து அந்தக் கூரை போச்சு. அதுல எனக்கு வருத்தம் இல்ல, ஒழுகற வீட்டுல யாரும் இருக்க வேண்டாம். வேலைக்கு வேலைன்னு பேரே கொடுக்கலையேங்கறதுதான் கோபம்.

தலை எண்றதுல நாங்களும் அடிபட்டவங்கதான். 1956 நவம்பர் 1-ல தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் தமிழ்நாட்டுக்குப் போச்சு. நெய்யாற்றின்கரை கேரளத்தோட நின்னுது. எந்த ஊர்ல எத்தனை தமிழன், எத்தனை மலையாளின்னு அன்னைக்குப் போட்ட சண்டை கொஞ்சமா? அதே தாலூக்காவுல இருக்கிற பாலராமபுரத்துச் சாலியர் தெரு நெசவாளிகள், பாலராமவர்மா மகாராஜா காலத்துல (1798-1810) தமிழ் மண்ணுல இருந்து கொண்டு வந்து குடியேத்தினவங்க. குழித்தறியில உட்கார்ந்து அவங்க நெய்யற கசவுல எந்தப் பக்கம் தமிழ், எந்தப் பக்கம் மலையாளம்? அந்தத் துணியை ஓணத்துக்கு உடுத்திட்டு "கேரளப் பாரம்பரியம்"னு போட்டோ போடறவங்களும் சரி, "நம்ம ஆளுங்க நெய்தது"ன்னு மீசை முறுக்கற நம்மாளுங்களும் சரி, கூலி எவ்வளவுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டாங்க.

இங்க நான் ஆணி புடுங்கற ஊர்ல டிசம்பர் வந்தா 'ஹேண்ட்மேட் ஹனுக்கா கிஃப்ட்' விளம்பரம் தாங்க முடியல. ஹனுக்காவுக்குப் பிள்ளைங்க கையில காசு கொடுக்கறது பழைய வழக்கம். பரிசுப் பொட்டலம் இவ்வளவு பெருத்தது அமெரிக்காவுல, கிறிஸ்துமஸ் கடைவீதி பக்கத்துல வந்த பிறகு. அது அவங்க பாடு, பண்டிகை மாறிக்கிட்டேதான் இருக்கும். 'ஹேண்ட்மேட்'ங்கற வார்த்தைதான் இடிக்குது. 2005-ல கைவினைக்குன்னே ஆரம்பிச்ச எட்ஸி தளம், 2013-ல வெளித் தயாரிப்பாளரை வச்சும் செஞ்சு விக்கலாம்னு விதியைத் தளர்த்துச்சு. கை எங்க முடியுது, பட்டறை எங்க ஆரம்பிக்குதுன்னு வாங்கறவனுக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் ஒரு இணையக் கடையில 'கேரளக் கைத்தறி ஹல்லா துணி' பார்த்தேன். எந்தத் தெருவுல நெய்ததுன்னு மெயில் போட்டேன். "எங்கள் கலைஞர்கள் கேரளாவில் உள்ளனர்"னு பதில். அடேய், கேரளாவுல மூணு கோடிக்கு மேல ஜனம் இருக்குடா!

"மெஷின் குல்லா போட்டா சாமி கோவிச்சுக்குமா? ஏழைக்கு அதுதானே கட்டும்?"னு நண்பர் ஒருத்தர் மடக்கினார். நியாயம்தான். மெஷின்ல செஞ்சதை மெஷின்னு சொல்லி மெஷின் விலைக்கு வித்தா நான் ஏன் கத்தறேன்? பாட்டி கை, பாரம்பரியம், ஆத்மான்னு கதை கட்டி ஏத்தின காசு அந்தப் பாட்டி கைக்குப் போகலைங்கறதுதான் சண்டை. 2006-ல கைத்தறி முத்திரை வந்துச்சு, நல்ல காரியம். ஆனா கைத்தறிங்கறதுக்கு அது சாட்சி. நெய்த ஆளுக்கு என்ன கிடைச்சுதுன்னு அது சொல்லாது.

சாராம்மா கதையில எனக்குப் பிடிச்ச ஆள் தாஹா இப்ராஹிம். முஸ்லிம். அந்தம்மாவைக் கடைசி வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கிட்டவர், அவங்க போன பிறகும் கடையை மூட விடல. "யூதக் கடையை முஸ்லிம் நடத்தறார், ஆஹா மத நல்லிணக்கம்"னு அதையும் பூப்போட்டு எழுதியாச்சு. எழுதுங்க, வேண்டாங்கல. ஆனா போய்ப் படம் புடிச்சுட்டு வர்றவங்கள்ல எத்தனை பேர் ஒரு குல்லாவாவது வாங்கறாங்க?

லீவுக்கு ஊருக்குப் போற மக்கா, பாலராமபுரத்துல வேட்டி வாங்க இறங்கினா, பேரம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால இது தறியில எத்தனை நாள் இருந்துச்சு, அதுக்கு நெசவாளிக்கு என்ன கிடைச்சுதுன்னு மட்டும் கேளுங்க. கடைக்காரர் என்ன சொன்னார்னு பின்னூட்டத்துல எழுதுங்க.