கூட்டல் பொருந்தினால் போதுமா?

சென்ற ஆண்டு அணுவைப் பற்றி இங்கே எழுதியபோது, காட்மியத்தின் அணுக்கரு அதிர்வுக்குச் சிறந்த உதாரணம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அது பழைய பாடம். பிறகு படித்ததில் என் கூற்று நிற்காது என்று தெரிந்தது. அதைப் படித்துவிட்டுத் தம் பேரனுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்ததாக ஒரு நண்பர் என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. ஆகவே இந்தத் திருத்தம்.

நான் பள்ளியில் பௌதிகம் படித்தது பிரெஞ்சில். அணுக்கருவுக்கு அங்கே 'நுவாயோ' என்று பெயர். மாங்கொட்டைக்கும் அதே சொல்தான். அணுவின் நடுவே கெட்டியான கொட்டை ஒன்று அசையாமல் கிடப்பதாகவே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு தமிழில் அறிவியல் நூல்களைப் புரட்டியபோதுதான் 'கரு' என்ற சொல் என்னைத் தட்டி எழுப்பியது. முட்டைக்குள் இருக்கும் மஞ்சள் கருவை நினைத்துப் பாருங்கள். லேசாக ஆட்டினாலே குலுங்கும். இந்த விஷயத்தில் பிரெஞ்சுச் சொல்லைவிட நம் சொல்லே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அணுக்கரு குலுங்கக்கூடியது. அதற்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்தால், புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒன்று சேர்ந்து, ஒரு நீர்த்துளி நடுங்குவதுபோல நடுங்கலாம். ஒரு கணம் கோழிமுட்டைபோல நீளும், மறு கணம் சாத்துக்குடிபோலத் தட்டையாகும். ஆனால் இஷ்டப்பட்ட அளவுக்கு நடுங்க முடியாது. படிக்கட்டில் ஏறுவதுபோல, ஒரு படி, இரண்டு படி என்றுதான் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். இறங்கும்போது அந்த ஆற்றலைப் பெரும்பாலும் காமாக் கதிராக வெளியே விடும். நீல்ஸ் போரின் மகன் ஆகே போரும், பென் மோட்டல்சனும் 1950களில் இந்தக் கொள்கையை வகுத்தார்கள். ஜேம்ஸ் ரெயின்வாட்டரோடு சேர்த்து அவர்களுக்கு 1975-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது. அது பல தலைமுறைகளாகச் சிதைந்து, கடைசியில் ஈயம்-208 ஆகிறது. பிறக்கும்போது அந்த ஈயக்கரு எல்லாச் சமயமும் சும்மா இருப்பதில்லை. சில சமயம் பேரிக்காய் வடிவத்தில் ஒரு பக்கம் பருத்து, மறு பக்கம் சிறுத்து அதிர்கிறது. அந்த அதிர்வு அடங்கும்போது 2,615 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிர் வருகிறது. அந்த மணலில் கால் வைத்து நடப்பவர் காலடியில் இது நடந்துகொண்டே இருக்கிறது.

இனி காட்மியம். காட்மியம்-114 கருவில் 48 புரோட்டான்கள், 66 நியூட்ரான்கள். அதன் முதல் படி 558 கிலோ எலக்ட்ரான் வோல்ட். துளி ஒழுங்காக அதிர்ந்தால் இரண்டாவது படி அதைப்போல இரு மடங்கில், அதாவது 1,116-இல் இருக்க வேண்டும். அங்கே மூன்று நிலைகள் சேர்ந்து நிற்க வேண்டும். சோதனையில் 1,134, 1,210, 1,284 என்று மூன்று நிலைகள் கிடைத்தன. கிட்டத்தட்டப் பொருந்துகிறதல்லவா? அதனால்தான் அரை நூற்றாண்டாகப் பாடநூல்கள் காட்மியத்தைக் கைகாட்டின.

ஆனால் அதே உயரத்தில் கூடுதலாக இரண்டு நிலைகளும் இருந்தன. அவை வெளியிலிருந்து வந்து கலந்த விருந்தாளிகள் என்று சமாதானம் சொன்னார்கள். பிறகு அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்திலும், கனடாவின் ட்ரையம்ஃப் ஆய்வகத்திலும், காட்மியம் இனத்தின் ஒவ்வொரு நிலையும் எந்த வழியாக, எவ்வளவு வலுவோடு இறங்குகிறது என்று பொறுமையாக அளந்தார்கள். இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு இறங்கும் வலு, முதல் படியிலிருந்து தரைக்கு இறங்கும் வலுவைப்போல இரு மடங்கு இருக்க வேண்டும். சில நிலைகளில் அநேகமாக ஒன்றுமே இல்லை. விருந்தாளிக் கதையும் அதைக் காப்பாற்றவில்லை. ஒரே கருவுக்குள் வெவ்வேறு வடிவங்கள் அருகருகே இருக்கின்றன என்று இன்று பலர் சொல்கிறார்கள். அதுவும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இதைப் படித்தபோது என் குமாஸ்தா நாட்கள் ஞாபகம் வந்தன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாதக் கணக்கை முடித்து, கூட்டல் காசு பிசகாமல் பொருந்திவிட்டது என்று பெருமையோடு மேலதிகாரியிடம் நீட்டினேன். அவர் கூட்டலைப் பார்க்கவே இல்லை. "வவுச்சர் கட்டை எடுத்து வாய்யா" என்றார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு கணக்குத் தலைப்பில் நான் அதிகமாக எழுதிய தொகையும், இன்னொன்றில் குறைவாக எழுதிய தொகையும் ஒன்றையொன்று சரிக்கட்டியிருந்தன. இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரியான கூட்டலைக் கொடுத்திருந்தது. அன்று முகம் சிவந்தது இன்றும் நினைவிருக்கிறது.

காட்மியத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதேதான். படிகளின் உயரம் கூட்டல் மாதிரி. இறங்கும் வழியும் வலுவும் வவுச்சர் மாதிரி. உயரம் பொருந்தியதும் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

இதனால் அறிவியலே பொய் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஈயத்தின் பேரிக்காய் அதிர்வு அப்படியே நிற்கிறது. போர், மோட்டல்சன் பெருமையும் குறையவில்லை. தன் பாடநூலுக்குப் பிடித்தமான உதாரணத்தையே தானே எடுத்துச் சோதித்துத் திருத்துகிற துறையை நான் கூடுதலாகவே நம்புவேன்.

என் கருத்து ஒன்றுதான். பிள்ளைகளுக்கு ஒரு படத்தைக் காட்டும்போது, "இதுதான் உண்மை" என்று முடிக்காமல், "இதுவரை அளந்ததற்கு இந்தப் படம் பொருந்துகிறது, இன்னும் இதை அளக்கவில்லை" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைக் கேட்ட பிள்ளைதான் பிற்காலத்தில் வவுச்சர் கட்டைக் கேட்கும்.

நண்பரின் பேரனுக்கு என் சார்பில் சொல்லிவிடுங்கள்: தாத்தா அன்று கூட்டலை மட்டும்தான் பார்த்தார்.