மேல்மலையில் அயல் மரங்களை அகற்றும் பணியில் பொக்லைன் பயன்பாட்டைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களின் விவசாயிகளும் மரம் வெட்டும் தொழிலாளர்களும் இணைந்த சங்கத்தின் செயற்குழு.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், திண்டுக்கல்.
மாவட்ட வன அலுவலர் அவர்கள், கொடைக்கானல்.

பொருள்: சீகை, யூகலிப்டஸ் மரங்களைப் பொக்லைன் கொண்டு தள்ளி, இழுத்து அகற்றுவதால் சோலைக்கும் புல்வெளிக்கும் வெட்டுமரத்துக்கும் ஏற்படும் சேதம் – வெட்டும் முறையை அனுமதி ஆணையிலும் ஒப்பந்தத்திலும் நிபந்தனையாகச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

சீகையும் யூகலிப்டஸும் பைனும் மேல்மலையின் சோலையையும் புல்வெளியையும் விட்டுப் போக வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்கும் காகிதக் கூழுக்கும் என்று நட்ட மரங்கள் எங்கள் புல்வெளியை விழுங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வும், பழனி மலையின் உயர்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் சொல்கிறது. அயல் தாவரங்களை அகற்ற 2022-இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கை வெளியிட்டபோது மனதார வரவேற்றோம். இப்போது எங்கள் முறையீடு வெட்டும் விதத்தைப் பற்றியது.

வனத்தை ஒட்டிய ஒரு பட்டா நிலத்தில் தனியார் ஒப்பந்ததாரர் ஒருவர் சீகை அகற்றிய இடத்தை எங்கள் உறுப்பினர்கள் நேரில் பார்த்தார்கள். பொக்லைனின் கையால் மரத்தின் நடுவில் முட்டித் தள்ளுகிறார்கள். மரம் வேர்மண்ணோடு பெயர்ந்து சாய்கிறது. எந்தப் பக்கம் சாயும் என்பது ஓட்டுநர் கையிலேயே இல்லை. பிறகு அடிமரத்தில் சங்கிலி மாட்டிச் சரிவு நெடுக இழுத்து லாரி நிற்கும் இடத்தில் சேர்க்கிறார்கள். இழுத்த வழியில் நின்ற ஒரு நாவல் மரத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு பக்கப் பட்டை முழுவதும் உரிந்து வெள்ளை மரம் தெரிகிறது. அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை இறங்கும். மரம் உடனே சாகாது. உள்ளே உளுத்து, பின்னொரு நாள் பெருங்காற்றில் விழும்.

முதிர்ந்த சீகைக் காட்டுக்குள் குனிந்து பார்த்தால்தான் தெரியும் விஷயம் ஒன்று உண்டு. பறவைகள் போட்ட விதையிலிருந்து நாவல், காட்டுச் செண்பகம் போன்ற சோலை மரங்களின் கன்றுகள் அங்கே தாமாகவே வந்திருக்கின்றன. நிழலில் சீகைக் கன்று தேறாது, சோலைக் கன்று தேறும். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் சோலை திரும்பிக்கொண்டிருக்கும் இடம் அது. பொக்லைனின் பட்டைச் சக்கரம் ஒருமுறை ஏறி இறங்கினால் விரல் பருமன் கன்றுகளில் ஒன்றும் மிஞ்சாது.

சீகை விதையின் கதை வேறு. அது மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மண் கிளறுபட்டு வெயில் விழுந்ததும் மொத்தமாக எழும்பும். மேலே சொன்ன இடத்தில் ஒரு மழைக்குப் பிறகு, கீரைப் பாத்தி போலச் சீகை நாற்று அடர்ந்து நிற்கிறது. ஒரு சீகைக் காட்டை அகற்றுகிறோம் என்று இன்னொன்றை விதைத்துவிட்டார்கள். இயந்திரம் மலிவு என்று சொல்லப்படுகிறது. இந்த நாற்றுகளை வரும் ஆண்டுகளில் பிடுங்க ஆகும் கூலியை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எடுத்த மரத்துக்கும் விலை இல்லை. தள்ளி வீழ்த்தும்போது அடிமரம் நெடுக வெடிக்கிறது. மண்ணும் கல்லும் பட்டையில் ஏறுவதால் ரம்பத்தின் பல் போகிறது, வியாபாரி விலையைக் குறைக்கிறார். பட்டா நிலத்தில் யூகலிப்டஸைத் தரையொட்டிச் சீராக அறுத்தால் மறுதாம்பு வரும், அடுத்த வெட்டு கிடைக்கும். வேரோடு பெயர்ந்தோ நசுங்கிப் பட்டை கிழிந்தோ போன கட்டையை நம்பிக் காத்திருக்கும் சிறு விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

புல்வெளியைக் குறுக்கே கடக்கும் வண்டித் தடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018-இல் பூத்த குறிஞ்சி விதை போட்டு மடிந்தது. அந்த விதையில் முளைத்த செடிகளே இன்று நிற்பவை. அவை 2030-இல்தான் பூக்கும், ஒரே ஒருமுறைதான் பூக்கும். இப்போது நசுங்கும் செடி விதையே போடாமல் போகும். தடத்தில் மண் இறுகி மழைநீர் உள்ளே இறங்கி ஊற்றில் சேராமல் ஓடையாக ஓடி வருகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை விளைவிக்கும் எங்கள் படிக்கட்டு வயல்கள் அந்த ஊற்றுத் தண்ணீரை நம்பியே இருக்கின்றன.

ஆகவே, தமிழ்நாடு மலைப்பகுதி (மரங்கள் பாதுகாப்பு) சட்டம், 1955-இன் கீழ் ஆட்சித்தலைவர் தலைமையிலான குழு வழங்கும் ஒவ்வொரு அனுமதியிலும், வன நிலத்தில் இனி விடப்படும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், மரத்தைத் தள்ளியோ வேரோடு பெயர்த்தோ வீழ்த்தக் கூடாது, கைரம்பம் அல்லது மிஷின் ரம்பம் கொண்டு திசை பார்த்து அறுக்க வேண்டும் என்று எழுத வேண்டுகிறோம். எங்கள் கோரிக்கைகளில் முதன்மையானது இதுதான். மற்றவை சுருக்கமாக:

வெட்டு தொடங்கும் முன் சோலைக் கன்றுகளை அடையாளமிட வேண்டும். அவை அடர்ந்த இடங்களில் மொத்த வெட்டைக் கைவிட்டு, சீகையை ஆண்டுக்குச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். மரம் இறக்க ஒரே தடத்தை முன்கூட்டியே குறித்துத் தர வேண்டும். மண் இறுகுவது முதல் சில ஓட்டங்களிலேயே நடந்துவிடுவதால், ஆளுக்கொரு வழி போவதுதான் பெரிய கேடு. புல்வெளியிலும் ஓடைக்கரையிலும் எந்த வண்டியும் இறங்கக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், அதன்பின் மண் காயும் வரையிலும் மரம் இழுப்பதை நிறுத்த வேண்டும்.

வெட்டிய இடத்தில் சீகை நாற்றுகளைத் தொடர்ந்து பிடுங்கும் வேலையையும் ஒப்பந்தத்தில் சேர்த்து, அதைப் பளியர் குடியிருப்புகளுக்கும் அருகிலுள்ள கிராமத் தொழிலாளர்களுக்கும் தர வேண்டும். கன்றை அடையாளம் காணத் தெரிந்த கைகள் அங்கேதான் இருக்கின்றன. நிலைமரத்துக்குச் சேதம் விளைவிக்கும் ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையில் பிடித்தம் செய்து, அதை அதே இடத்தின் மீட்புக்குச் செலவிட வேண்டும்.

அடுத்த அனுமதிகள் குழுவின் பரிசீலனைக்கு வரும் முன், மேற்கண்ட இடத்தைத் தாங்களும் வன அலுவலர்களும் எங்களுடன் கூட்டாகப் பார்வையிட ஒரு நாள் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இடத்தின் புல எண்ணும் புகைப்படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள்